மலேரியா மருந்து தேடியவர் கண்ட கத்தரிப்பூ கலர்

போடிநாயக்கனூரில் விடியற்காலையிலேயே ஜீப்புகள் கிளம்பிவிடும். ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்து, 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டுக்கு மேலே போவார்கள். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் ஒரு துண்டு. அந்தச் சேலைகளில் இல்லாத கலரே கிடையாது. கத்தரிப்பூ, ரோஸ், மயில்கழுத்து, கிளிப்பச்சை... 170 வருடங்களுக்கு முன்பு இந்தக் கலர்களில் பல, கூலிக்குப் போகிறவர்களின் விலைக்கு எட்டாதவை.

அவை விலைக்கு எட்டிய கதை ஒரு கல்லூரி மாணவரின் தோல்வியில் தொடங்குகிறது. அவருக்கு அப்போது வயது 18. வேடிக்கை என்னவென்றால், அவர் தேடியது கலரே இல்லை! ஏலமலை மாதிரியான காடுகளில் மனிதர்களைக் கொன்றுகொண்டிருந்த காய்ச்சலுக்கு மருந்து.

மலையும் காய்ச்சலும்

இன்றைக்கு ஏலமலை என்றால் மணமும் குளிர்ச்சியும்தான் நினைவுக்கு வரும். அன்றைக்கு அந்தப் பெயரைக் கேட்டால் பயம்தான் வரும். காரணம் மலைக்காய்ச்சல், அதாவது மலேரியா. இதே மலைத்தொடரின் தெற்கே, 1887 முதல் 1895 வரை பெரியாறு அணை கட்டப்பட்டபோது ஏராளமான தொழிலாளர்கள் மலேரியாவிலும் காலராவிலும் செத்துப்போனார்கள். கொசுதான் காரணம் என்று ரொனால்ட் ராஸ் கண்டுபிடித்ததே 1897-ல்தான்.

அதற்கு இருந்த ஒரே நல்ல மருந்து குயினைன். தென் அமெரிக்காவின் சின்கோனா மரப்பட்டையிலிருந்து 1820-ல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் இருவர் அதைப் பிரித்தெடுத்தார்கள். பட்டை கிடைப்பது கடினம், விலையும் அதிகம். ஆங்கிலேயர்கள் 1860-களில் சின்கோனாவை நீலகிரிக்குக் கொண்டுவந்து தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் வளர்த்தார்கள். போடிக்கு மேலே உள்ள மூணாறு மலைகளிலும் தேயிலை நிலைப்பதற்கு முன்பு சின்கோனா போட்டுப் பார்த்தார்கள்.

மரமே இல்லாமல் சோதனைச்சாலையில் குயினைன் செய்ய முடியுமா? லண்டனில் இருந்த ராயல் வேதியியல் கல்லூரியின் பேராசிரியர் ஆகஸ்ட் ஹாஃப்மன் இந்தக் கேள்வியை எழுப்பினார். அவருடைய மாணவர் வில்லியம் ஹென்றி பெர்கின் அதைப் பிடித்துக்கொண்டார்.

லீவில் ஒரு சோதனை

1856 ஈஸ்டர் விடுமுறை. கிழக்கு லண்டனில் வீட்டின் மேல்மாடியில் பெர்கின் சொந்தமாக ஒரு சின்ன சோதனைச்சாலை வைத்திருந்தார். அவர் போட்ட கணக்கு எளிமையானது. குயினைனில் 20 கார்பன், 24 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன், 2 ஆக்சிஜன் அணுக்கள். 10 கார்பன் உள்ள ஒரு பொருளை இரண்டு மடங்கு எடுத்து, ஆக்சிஜன் ஏற்றினால் குயினைன் வந்துவிட வேண்டும்!

கணக்கு சரிதான், ஆனால் வேதியியல் அப்படி இயங்குவதில்லை. செங்கற்களை எண்ணி வைத்துக்கொண்டு, வீட்டின் வரைபடம் இல்லாமலே வீடு கட்ட முயன்ற மாதிரி. கிடைத்தது செம்பழுப்பு நிறத்தில் ஒரு கழிவு. விடாமல் அனிலின் என்ற இன்னொரு பொருளை வைத்து மறுபடி செய்தார். அனிலின், நிலக்கரியிலிருந்து விளக்கு எரிக்க வாயு எடுத்தபின் மிஞ்சும் தாரிலிருந்து கிடைப்பது. இந்த முறை கன்னங்கரேலென்று ஒரு கசடு.

வேறு யாராக இருந்தாலும் குடுவையைக் கழுவி வைத்திருப்பார்கள். பெர்கினும் கழுவத்தான் சாராயம் ஊற்றினார் என்றும் சொல்வார்கள். கசடு கரைந்து, பளிச்சென்று ஊதா நிறம் வந்தது. ஒரு பட்டுத்துணியை அதில் முக்கினார். துவைத்தாலும் வெயிலில் போட்டாலும் நிறம் போகவில்லை.

பருத்தியில் ஏறாத சாயம்

இங்கிருந்து அந்த மாணவர் வியாபாரி ஆகிறார். ஸ்காட்லாந்தில் பெர்த் நகரிலிருந்த புல்லர் சாயக் கம்பெனிக்கு மாதிரித் துணியை அனுப்பினார். துணியின் விலையை ரொம்ப ஏற்றாமல் இருந்தால் இது பெரிய கண்டுபிடிப்பு என்ற பொருளில் பதில் வந்தது. 1856 ஆகஸ்டில் காப்புரிமை வாங்கினார். பேராசிரியருக்கு விருப்பம் இல்லாதபோதும் கல்லூரியை விட்டார். கட்டிட வேலை செய்த அப்பா சேமிப்பைப் போட, அண்ணன் கூட நிற்க, 1857-ல் கிரீன்ஃபோர்டில் தொழிற்சாலை கிளம்பியது.

ஆனால் ஒரு சிக்கல். சாயம் பட்டில் பிடித்தது, பருத்தியில் பிடிக்கவில்லை. பருத்தியில் ஏறாவிட்டால் பெரிய சந்தையே கிடையாது. முதலில் டானின் என்ற துவர்ப்புப் பொருளில் துணியை ஊறவைத்தால் சாயம் பிடிக்கும் என்று கண்டுபிடித்த பிறகுதான் வழி பிறந்தது.

இந்த இடத்தில் நம் ஊர்ச் சாயக்காரர் ஒருவர் இருந்திருந்தால் சிரித்திருப்பார். சாயம் ஏற்றுவதற்கு முன் துணியைக் கடுக்காய் நீரில் ஊறவைப்பது இங்கே பல நூற்றாண்டுப் பழக்கம். கடுக்காயில் இருப்பதும் அதே டானின்தான்!

பிறகு ஃபேஷன் பார்த்துக்கொண்டது. பிரெஞ்சுப் பேரரசி யூஜெனிக்கு இந்த நிறம் பிடித்திருந்தது. 1858 ஜனவரியில் மகளின் திருமணத்துக்கு விக்டோரியா மகாராணி இதே நிறத்தில் உடுத்தி வந்தார். 'மாவ்' என்ற பெயர் நிலைத்தது. 1859-ல் லண்டன் பத்திரிகையான 'பஞ்ச்', ஊரையே மாவ் அம்மை பிடித்துக்கொண்டது என்று கிண்டல் செய்தது. சில வருடங்களில் மாவ் மோகம் தீர்ந்து மெஜந்தா வந்தது. கலர் மாறியது, ஆனால் தாரிலிருந்து சாயம் எடுக்கும் தொழில் நிலைத்துவிட்டது.

மதுரைக்கு வந்த சாயம்

போடி மலைச்சரிவில் பெய்யும் மழை கொட்டகுடி ஆறாக இறங்கி, தேனியைத் தாண்டி வைகையில் சேர்ந்து மதுரைக்குப் போகிறது. அந்த வைகைத் தண்ணீரில் அலசினால்தான் சுங்குடிச் சேலைக்கு நிறம் எடுக்கும் என்று மதுரைச் சாயக்காரர்கள் சொல்வது வழக்கம். சௌராஷ்டிர சமூகத்தினர் துணியை நகத்தால் கிள்ளி, நூலால் ஆயிரக்கணக்கான முடிச்சுகள் போட்டு, சாயத்தில் முக்கி, முடிச்சை அவிழ்த்தால் கட்டிய இடமெல்லாம் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். அதுதான் சுங்குடி.

தென்னாட்டுத் துணிகளின் சிவப்புக்கு ஆதாரம் சாயவேர். இராமேஸ்வரம், மன்னார் போன்ற கடலோர மணலில் விளையும் சின்னச் செடியின் வேர் அது. அந்த வேரில் நிறம் கொடுப்பது அலிசரின் என்ற பொருள். துணியை எண்ணெயிலும் சாம்பல் நீரிலும் மாறி மாறி ஊறவைத்து, காயவைத்து, நாள்கணக்கில் பாடுபட்டால்தான் அந்தச் சிவப்பு வரும்.

1868-ல் கிராபே, லீபர்மன் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் அந்த அலிசரினைத் தாரிலிருந்தே செய்துவிட்டார்கள். 1869 ஜூனில் ஜெர்மானியர்கள் லண்டனில் காப்புரிமைக்கு மனு போட்ட மறுநாள் பெர்கினும் தன் வழிமுறைக்கு மனு போட்டார். ஒரே ஒரு நாள் வித்தியாசம்! அந்த வருடம் பெர்கின் தயாரித்தது 1 டன். 1871-ல் 220 டன். 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அலிசரின் மதுரைச் சாயப்பட்டறைகளுக்கும் வந்துவிட்டது.

செலவுப் பக்கம்

இதில் மதுரைக்கு நஷ்டம் என்று சொல்ல முடியாது. சாயம் மலிவானது, வேலை சுருங்கியது, மதுரைச் சிவப்புத் துணிகளின் வியாபாரம் பெருகியது. நஷ்டம் வேறு இடத்தில் விழுந்தது. கடலோர மணலில் வேர் தோண்டியவர்களுக்கு வேலை போனது. அவர்கள் பெயர் எந்தக் காப்புரிமையிலும் இல்லை.

நீலத்துக்கும் இதே கதி. 1897-ல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். கம்பெனி செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்ததும் இந்திய அவுரி ஏற்றுமதி சரிந்தது. பீகாரின் சம்பாரணில் தோட்ட முதலாளிகள் அந்த நஷ்டத்தைக் கூடுதல் குத்தகையாகக் குடியானவர்கள் தலையில் கட்டினார்கள். 1917-ல் காந்தி சம்பாரணுக்குப் போனதற்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது.

லாபம் பார்த்தவர்களும் தப்பவில்லை. 1914-ல் உலகப்போர் வந்ததும் ஜெர்மன் சாயம் நின்றது, விலை எகிறியது. வேரை நம்பிய தொழில், கப்பலை நம்பிய தொழிலாக மாறிவிட்டது என்பது அப்போதுதான் புரிந்தது.

மருந்து என்ன ஆனது?

பெர்கின் 36 வயதில் தொழிற்சாலையை விற்றுவிட்டு ஆராய்ச்சிக்குத் திரும்பினார். 1906-ல் சர் பட்டம், 1907-ல் மரணம். குயினைனை அவர் கடைசி வரை செய்யவில்லை. அதற்கான வழியை 1944-ல்தான் அமெரிக்காவில் உட்வர்டும் டோரிங்கும் காட்டினார்கள். அதுவும் மரப்பட்டையை விட மலிவாக இல்லை.

ஆனால் கதை வேறு வழியாகச் சுற்றி வந்தது. 1891-ல் பால் எர்லிக், மெத்திலீன் நீலம் என்ற சாயத்தை மலேரியா நோயாளிகளுக்கே கொடுத்துப் பார்த்தார். கிருமியில் சாயம் ஏறுகிறது என்றால், சாயத்தாலேயே கிருமியைக் கொல்லலாமே என்ற யோசனை அது! சாயக் கம்பெனியாகத் தொடங்கிய பேயர், 1930-களில் மெபாக்ரின் என்ற மாத்திரையைக் கொண்டுவந்தது. இரண்டாம் உலகப்போரில் அதைத் தின்ற சிப்பாய்களின் தோலே மஞ்சளானது. 1934-ல் அதே பேயரில் உருவானது குளோரோகுயின். சுதந்திரத்துக்குப் பின் 1953-ல் தொடங்கிய தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் டி.டி.டி. தெளிப்பதைப் பரவலாக்கியது. காய்ச்சலுக்குப் பயந்து ஆள் ஏறாத மலைகளில் ஜனங்கள் பயமில்லாமல் ஏற முடிந்தது இப்படித்தான்.

மதுரைச் சுங்குடிக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. முடிச்சுப் போடத் தெரிந்த கைகள் குறைந்துவிட்டன. மெழுகு அச்சிலும் ஸ்கிரீன் பிரிண்டிலும் போட்ட புள்ளிகள்தான் கடைகளில் அதிகம், விலையும் குறைவு. கையால் கட்டிய சுங்குடி வேண்டுமென்றால் கூடக் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். அன்று வேர் தோண்டியவர்கள் நின்ற இடத்தில் இன்று முடிச்சுப் போடுகிறவர்கள் நிற்கிறார்கள்.

மலைக்குப் போகும் ஜீப்பில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்ணின் கத்தரிப்பூச் சேலை சில நூறு ரூபாய்தான் இருக்கும். ஒரு காலத்தில் மகாராணிக்கே ஃபேஷனாக இருந்த நிறம், இன்று அவள் வேலைக்குக் கட்டிப்போகும் சேலையில். பெர்கினின் வரவுப் பக்கத்தில் எழுத வேண்டியது அது. செலவுப் பக்கத்தையும் சேர்த்து எழுதினால்தான் கணக்கு நேராகும்.