கோட்டூர்புரம்

கோட்டூர்புரம் தென்சென்னையில் அடையாற்றின் தென்கரையில் அமைந்த குடியிருப்புப் பகுதி. ஆற்றுக்கு அக்கரையில் நந்தனம். கிழக்கே பக்கிங்காம் கால்வாய். தெற்கிலும் மேற்கிலும் ஐ.ஐ.டி., அண்ணா பல்கலைக்கழகம், கிண்டி தேசியப் பூங்கா. சென்னையைச் சுற்றிப் பார்க்க வருபவர்கள் மயிலாப்பூருக்கும் மெரினாவுக்கும் போவார்கள். இந்தப் பக்கம் திரும்புவது குறைவு. ஆனால் இந்த நகரத்தின் ஆறு, காடு, பழைய கிராமம், அரசு நிறுவனம் நான்கையும் ஒரே காலைப்பொழுதில் நடந்தே பார்க்க இதைவிடத் தோதான இடம் இல்லை.

நகரம் வந்து சூழ்வதற்கு முன் இது கோட்டூர் என்ற கிராமம். பொன்னியம்மன் கோயில் தெருவையொட்டிய குறுகலான சந்துகளில் அந்த ஊர் இன்னும் இருக்கிறது. அதைச் சுற்றி வசதியானவர்களின் அடுக்குமாடி வீடுகள், ஆற்றையொட்டி வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகள், குடிசைப் பகுதிகளாக இருந்த சித்ரா நகர், சூர்யா நகர். யார் எவ்வளவு மேட்டில் குடியிருக்கிறார்கள் என்பது இங்கே வெறும் நில அமைப்புச் செய்தி அல்ல. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் அது ஊருக்கே தெரிந்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறக்கப்பட்ட நீரும், வழியில் மற்ற ஏரிகள் நிரம்பி வழிந்த நீரும் அடையாற்றில் சேர்ந்தன. ஆற்றோரக் குடியிருப்புகள் மூழ்கின. அப்போது மாடி வீட்டுக்காரர்களும் படகுக்குக் காத்திருந்தார்கள். 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கைத் துறை அறிக்கை, அந்த வெள்ளத்தை மனிதரால் நேர்ந்த பேரிடர் என்றே வகைப்படுத்தியது.

இயற்கையைப் பொறுத்தவரை இங்கே கவனிக்க வேண்டியவை கைவிடப்பட்ட நிலங்களே. ஆற்றங்கரையில் குப்பை கொட்டிக் கிடந்த பொதுப்பணித் துறை இடம் ஒன்றை, 2006 முதல் ‘நிழல்’ அமைப்பின் தன்னார்வலர்கள் மரப்பூங்காவாக மாற்றினார்கள். புல்வெளியும் செயற்கை நீரூற்றும் போடாமல், இந்த மண்ணுக்குரிய மரங்களைத் தேர்ந்து நட்டதுதான் அதன் தனித்தன்மை. 2020 தொடக்கத்தில் மாநகராட்சி, பறக்கும் ரயில் நிலையத்துக்கு அருகே மியாவாகி முறையில் ஒரு குறுங்காட்டை உருவாக்கியது. பரப்பு ஏறத்தாழ 20,000 சதுர அடி. ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாகியின் முறைப்படி செடிகளை மிக நெருக்கமாக நடுவார்கள். வெளிச்சத்துக்குப் போட்டியிட்டு அவை வேகமாக உயரும். மரங்களின் எண்ணிக்கையைச் சீக்கிரம் காட்ட வேண்டிய நிர்வாகத்துக்கு இது வசதி. உட்கார்ந்து இளைப்பாற விரும்புபவருக்கு மரப்பூங்காவே மேல்.

காந்தி மண்டபம் சாலையில் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையமும், 1988இல் திறக்கப்பட்ட பிர்லா கோளரங்கமும் உள்ளன. பள்ளிச் சுற்றுலாவில் வராத சென்னைக் குழந்தை அரிது. சற்றுத் தள்ளி அண்ணா நூற்றாண்டு நூலகம். எட்டு ஏக்கர் வளாகத்தில் எழுந்த இந்த ஒன்பது மாடிக் கட்டடத்தை 2010 செப்டம்பர் 15 அன்று முதலமைச்சர் மு. கருணாநிதி திறந்து வைத்தார். அடுத்த ஆண்டே ஆட்சி மாறியது. நூலகத்தை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு இந்தக் கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக்க 2011 நவம்பரில் ஜெயலலிதா அரசு முடிவெடுத்தது. சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. பின்னர் சில ஆண்டுகள் புதிய நூல் வரத்தும் பராமரிப்பும் தேய்ந்தன. அப்போதும் வாசகர் வரத்து நிற்கவில்லை. சொந்த நூல் வாசிப்புப் பிரிவில் இடம்பிடிக்க வரும் போட்டித் தேர்வு மாணவர்களே இந்த இடத்தின் உண்மையான புரவலர்கள் என்று சொல்லலாம். பார்வையற்றோருக்கான பிரெய்ல் பிரிவும் குழந்தைகள் பிரிவும் தனியாக உண்டு.

பறக்கும் ரயில் திருமயிலையிலிருந்து திருவான்மியூருக்கு நீட்டிக்கப்பட்ட 2004 ஜனவரியில் கோட்டூர்புரத்துக்கும் நிலையம் கிடைத்தது. கடற்கரையிலிருந்து வரும்போது கிரீன்வேஸ் சாலை நிலையத்தைத் தாண்டியதும் ரயில் அடையாற்றின் மேலே செல்லும். அடுத்து இறங்க வேண்டியது இங்கே. நூலகத்துக்கு நிலையத்திலிருந்து கொஞ்சம் நடக்க வேண்டும். சித்திரை வெயிலில் ஆட்டோ பிடிப்பதே புத்திசாலித்தனம்.