சம்பளமா, கூலியா? அம்பத்தூர்த் தொழிலாளரின் கடன் அட்டை நிலுவையும் 60ஆம் பிரிவின் இரு கூறுகளும்

கடன் அட்டை நிலுவைக்காகச் சம்பளம் ஜப்தி செய்யப்படுவதைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஒரே கணக்கைத்தான் போட்டுக் காட்டுகிறார்கள். மாத வருமானத்தில் முதல் 1,000 ரூபாயைத் தொடக்கூடாது. மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பிடிக்கலாம். 25,000 ரூபாய் வாங்குபவருக்கு 8,000 போகும், 17,000 கைக்கு வரும். 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60(1) பிரிவில், வரம்புரையின் ‘ஐ’ கூறு இதைத்தான் சொல்கிறது. கணக்கில் பிழையில்லை. அது யாருக்கான கணக்கு என்பதுதான் கேட்கப்படாமலே போய்விட்டது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுபவருக்கும், பட்டரவாக்கத்தில் பிரஸ் மெஷினில் நிற்பவருக்கும், திருமழிசையில் வெல்டிங் வைப்பவருக்கும் ‘ஐ’ கூறு பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம். அவர்களுக்கு உரியது அதற்கு நேர் முன்னால் நிற்கும் ‘எச்’ கூறு. அதன்படி ஜப்திக்கு உட்படும் தொகை பூஜ்யம்.

‘எச்’ கூறு மிகச் சிறியது. தொழிலாளர், வீட்டு வேலையாட்கள் ஆகியோரின் கூலி, பணமாகக் கொடுத்தாலும் பொருளாகக் கொடுத்தாலும், ஜப்தி செய்யத்தக்கதல்ல. உச்சவரம்பு கிடையாது, பங்கு கிடையாது, காலக்கெடுவும் கிடையாது. 1976ஆம் ஆண்டின் 104ஆம் சட்டம் இதனோடு நான்காம் விளக்கத்தைச் சேர்த்தது. கூலி என்பதில் போனஸும் அடங்கும். தொழிலாளர் என்பதில் திறன் பெற்றவர், அரைத்திறன் பெற்றவர், திறன் பெறாதவர் மூவரும் அடங்குவர். மண்வெட்டி பிடிப்பவர் மட்டுமே தொழிலாளர் என்ற குறுகிய பார்வை எங்கும் இருந்திராவிட்டால் இந்த மூன்று சொற்களை எழுத வேண்டிய தேவை நாடாளுமன்றத்துக்கு வந்திருக்காது.

மாற்றுத் தரப்பு பலவீனமானதல்ல. அது இரண்டாம் விளக்கத்தைப் பிடித்துக்கொள்கிறது. வேலையிலிருந்து ஒருவர் மாதந்தோறும் பெறும் மொத்த வரவே சம்பளம் என்கிறது அந்த விளக்கம். மாதச் சம்பளம், பே ஸ்லிப், பி.எஃப். எண், வங்கிக் கணக்கு எல்லாம் உள்ள ஒருவர் ‘ஐ’ கூறுக்குள் வந்துவிடுகிறார். அன்றாடக் கூலிக்கு மட்டுமே ‘எச்’ என்பது அத்தரப்பின் முடிவு. படிக்கச் சீராகத்தான் இருக்கிறது. ஆனால் சட்டத்தின் மற்றச் சொற்கள் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

முதலில், இரண்டாம் விளக்கம் தன்னை ‘ஐ’, ‘ஐஏ’ ஆகிய இரு கூறுகளோடு நிறுத்திக்கொள்கிறது. ‘எச்’ கூறைச் சுருக்கும் அதிகாரம் அதற்குத் தரப்படவில்லை. அடுத்து, வீட்டு வேலையாட்கள். அண்ணாநகரிலோ முகப்பேரிலோ வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் பிறந்தால்தான் பணம். அப்படியிருந்தும் அவர் ‘எச்’ கூறில் பெயர் சொல்லியே வைக்கப்பட்டிருக்கிறார். ஆகவே மாதக் கணக்கில் கொடுப்பது ஒருவரை ‘ஐ’ கூறுக்குத் தள்ளும் அளவுகோலாக இருக்க முடியாது.

மூன்றாவது சான்றுதான் வலுவானது. இதுவரை போதிய கவனம் பெறாததும் அதுவே. நான்காம் விளக்கத்தில் போனஸ் ஏன் வருகிறது? போனஸ் வழங்கல் சட்டம் 1965இல் வந்தது. அது தொழிற்சாலைகளையும், 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களையும் பற்றியதாக இருந்தது, குறைந்தபட்ச போனஸைத் தொடக்கத்தில் 4 விழுக்காடு என்று வைத்தது. அது வந்து 11 ஆண்டுகள் கழித்து ஜப்திச் சட்டத்தில் போனஸைச் சேர்த்தவர்களின் கண்முன் இருந்தவர், தீபாவளிக்கு முன் போனஸ் பேச்சுவார்த்தைக்கு வாயிற்கூட்டம் போடும் ஆலைத் தொழிலாளியாகத்தான் இருக்க வேண்டும். ஆண்டில் 30 நாள் வேலை செய்தாலே போனஸுக்குத் தகுதி உண்டு, எனவே தற்காலிகத் தொழிலாளியையும் அது குறிக்கலாம் என்று மறுக்கலாம். குறிக்கட்டும். அவரும் ஆலையின் பதிவேட்டில் பெயர் ஏறியவரே. அன்றன்று கூலி வாங்கிப்போகும் சித்தாளை மட்டும் காப்பதற்காகப் போனஸ் என்ற சொல்லை அங்கே வைத்தார்கள் என்பதை ஏற்பது கடினம்.

இந்த வாசிப்புக்கும் எல்லை உண்டு. அம்பத்தூரின் ஐ.டி. வளாகங்களில் வேலை செய்பவர், கணக்குப் பிரிவு எழுத்தர், மனிதவள அலுவலர் ஆகியோர் ‘ஐ’ கூறுக்கு உரியவர்களே. சி.என்.சி. ஆபரேட்டர் திறன் பெற்ற தொழிலாளர்தான் என்று துணிந்து சொல்லலாம். பத்துப் பேரை மேய்க்கும் லைன் சூப்பர்வைசர் விஷயத்தில் அந்தத் துணிவு வராது. அவர் நாளில் எத்தனை மணி நேரம் கையால் வேலை செய்கிறார் என்று சாட்சியம் எடுத்தே முடிவு செய்ய வேண்டும்.

‘ஐ’ கூறுக்குள் வருபவரும் நிராதரவானவர் அல்லர். ஒரே டிக்ரியின்கீழ் மொத்தம் 24 மாதம் பிடித்தம் நடந்துவிட்டால், அந்த டிக்ரிக்காக அவர் சம்பளத்தை மறுபடி எப்போதும் தொட முடியாது. மேலே சொன்ன 25,000 ரூபாய்க்காரரிடமிருந்து சம்பள வழியில் வசூலிக்கத்தக்கது 1,92,000 ரூபாய். டிக்ரி 3 லட்சத்துக்கு இருந்தாலும் இதே வரம்புதான். நடுவர் தீர்ப்பாயத்தின் தீர்ப்பும் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் 36ஆம் பிரிவின்படி டிக்ரியைப் போலவே நிறைவேற்றப்படுவதால், அதற்கும் இந்த விதிகளிலிருந்து விலக்கில்லை. டிக்ரியோ தீர்ப்போ இல்லாமல், ஆபீஸுக்கு லெட்டர் போட்டு சம்பளத்தை நிறுத்திவிடுவோம் என்று ரெக்கவரி ஏஜென்ட் போனில் சொல்வது வெறும் மிரட்டல்.

ஆவடிக்குப் போனால் சிக்கல் வேறு வகை. ஒரே ஊருக்குள் மூன்று விதமான பாதுகாப்பு நிலவுகிறது. விமானப்படை நிலையத்தில் பணிபுரியும் வீரரின் ஊதியம் ‘ஜே’ கூறின்படி முழுவதும் விலக்கு. சி.ஆர்.பி.எஃப். வளாகத்தில் இருப்பவர் 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்துக்குள் வராததால், அவருக்கு அந்த விலக்கு இல்லை. கனரக வாகனத் தொழிற்சாலையோ 2021 அக்டோபர் 1 முதல் ஆர்மர்ட் வெகிக்கிள்ஸ் நிகாம் என்ற பொதுத்துறை நிறுவனத்தின்கீழ் வந்துவிட்டது. பழைய ஊழியர்கள் அயற்பணியில் இருப்பவர்களாகக் கருதப்பட்டு மத்திய அரசு ஊழியர்களாகவே தொடர்ந்தனர். கட்டளை 21இன் 48ஆம் விதி அரசு ஊழியரோடு அரசு நிறுவன ஊழியரையும் குறிப்பதால், எப்படிப் பார்த்தாலும் அவர்களுக்கு அதுவே பொருந்தும்; தனியார் ஊழியருக்காக 1976இல் நுழைக்கப்பட்ட 48-அ விதி அன்று.

இவ்விரு விதிகளின் வேறுபாடு வெறும் எண் சண்டையன்று. 48ஆம் விதியின்படி சம்பளம் வழங்கும் அலுவலர் எங்கிருந்தாலும் நீதிமன்றம் ஆணையிடலாம். 2005இல் சேலம் வழக்கறிஞர் சங்க வழக்கில், 39(4) பிரிவு இந்த விதியைப் பாதிக்காது என்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 48-அ விதிக்கு, வழங்கும் அலுவலர் அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் இருக்க வேண்டும். அம்பத்தூரில் வேலை செய்து பெங்களூரிலிருந்து சம்பளம் வாங்குபவரின் சம்பளத்தை அம்பத்தூர் நீதிமன்றம் நேரடியாகப் பிடிக்க இயலாது. டிக்ரியை அங்கே மாற்றி அனுப்ப வேண்டும். இன்னொரு வேறுபாடும் உண்டு. அறிவிக்கை மூலம் படிகளுக்கு விலக்குத் தரும் ‘எல்’ கூறு அரசு, ரயில்வே, உள்ளாட்சி ஊழியருக்கு மட்டுமே. தனியார் ஊழியரின் வீட்டு வாடகைப் படி அப்படியே மொத்த வரவில் சேர்கிறது. ஆவடித் தொழிற்சாலையின் டாங்கி அசெம்பிளியில் நிற்பவர் 48ஆம் விதிக்குள் வந்தாலும் அவருக்கு ‘எச்’ கூறுதான் முதல் கேள்வி.

முறையியல் சார்ந்த மறுப்பு ஒன்று இருக்கிறது. நோட்டீஸ் வந்தபோது வாய் திறக்காத தீர்ப்புக் கடனாளி, ஆறு மாதம் பிடித்தம் போன பிறகு தான் தொழிலாளி என்று சொல்ல முடியுமா? முன்தீர்ப்புத் தடை நிறைவேற்று மனுக்களுக்கும் பொருந்தும் என்கிறது 11ஆம் பிரிவின் ஏழாம் விளக்கம். அதுவும் 1976இல் வந்ததே. ஆனால் அதே ஆண்டுத் திருத்தம் 60(1-அ) உட்பிரிவையும் கொண்டுவந்தது. இந்தப் பிரிவின் விலக்கைக் கைவிடுவதாகக் கடனாளி செய்துகொள்ளும் ஒப்பந்தம் செல்லாது. கையெழுத்திட்டே விட்டுக்கொடுக்க முடியாத உரிமையை வாய்மூடி இருந்ததால் இழந்துவிட்டார் என்று கொள்வது பொருந்தாது. குறைந்தபட்சம், இனிவரும் மாதங்களின் கூலியைப் பொறுத்தவரை தடை எழக்கூடாது. ஏற்கெனவே போன பணத்தைத் திரும்பக் கேட்பது கடினம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

கூலி முழுவதும் விலக்கு என்றால் தொழிலாளருக்கு வங்கிகள் கார்டு தராமல் போய்விடும் என்ற வாதமும் கேட்கிறது. கடன் அட்டை பிணையில்லாக் கடன். அந்த ஆபத்துக்கு விலையாகத்தான் இவ்வளவு வட்டி வைக்கப்படுகிறது. இதற்கு மேல் இதில் நேரம் செலவழிக்க வேண்டியதில்லை.

உண்மையில் கவலை தரும் இடம் வங்கிக் கணக்கு. கூலி கணக்கில் விழுந்த மறுநொடி அது கூலியாக நீடிக்கிறதா, சாதாரண வைப்புத்தொகை ஆகிவிடுகிறதா? ஜோதி சிட் பண்ட் வழக்கில், 1976இல், சேமநிதியும் ஓய்வூதியமும் உரியவர் கைக்குப் போய்ச் சேரும்வரைதான் பாதுகாப்பு என்ற போக்கில் உச்ச நீதிமன்றம் பேசியது. 2008இல் ராதேஷ்யாம் குப்தா எதிர் பஞ்சாப் நேஷனல் வங்கி வழக்கில், ஓய்வூதியப் பயன்கள் நிரந்தர வைப்பாக மாறிய பிறகும் தன்மை இழப்பதில்லை என்றது. அத்தீர்ப்பு ‘ஜி’ கூறைப் பற்றியது, கூலிக்கு நீட்ட முடியாது என்பர். ஆனால் ‘ஜி’, ‘எச்’ இரண்டையும் ஒரே மூச்சில் பெயர் சொல்லிக் காப்பது முதல் விளக்கம். ஓய்வூதியருக்கு வைப்பில் கிடைக்கும் பாதுகாப்பு, அதே விளக்கத்தில் அடுத்த எழுத்தில் நிற்கும் தொழிலாளிக்குச் சேமிப்புக் கணக்கில் மறுக்கப்படக் காரணம் தெரியவில்லை. கார்டு கொடுத்த வங்கியிலேயே சம்பளக் கணக்கும் இருந்து, நீதிமன்றத்துக்கே போகாமல் வங்கி ஈடுகட்டிக்கொண்டால் இந்த வாதம் அப்படியே உதவாது. 60ஆம் பிரிவு டிக்ரி நிறைவேற்றத்தைப் பற்றியது. அந்த இடைவெளியைத் தீர்ப்புகளைவிட ரிசர்வ் வங்கியின் விதிமுறை மூலம் அடைப்பது எளிது.

நிறைவேற்று மனுவில் என்னென்ன இருக்க வேண்டும் என்று பட்டியலிடும் கட்டளை 21இன் 11ஆம் விதி, கடனாளி செய்யும் வேலையின் தன்மையைக் கேட்பதில்லை. அதனால்தான் வங்கியின் வழக்கறிஞர் ‘சம்பளம்’ என்று எழுதிக்கொடுத்தால் அதுவே நிலைத்துவிடுகிறது. வேலை எத்தகையது, கூலி ‘எச்’ கூறில் வருமா என்பதை மனுதாரர் உறுதிமொழியாகக் கூறும்படி அந்த விதியில் ஓர் உட்கூறு சேர்க்கப்பட வேண்டும். இதற்கு நாடாளுமன்றம் வரை போக வேண்டியதில்லை. 122ஆம் பிரிவு தரும் அதிகாரத்தைக் கொண்டு சென்னை உயர் நீதிமன்றமே இதைச் செய்யலாம்.