ஆழமற்ற கடலில் குழாய்களை இழுத்துப் பதித்தல்

கரையில் நீளமாக வெல்டிங் செய்த குழாயை இழுவைப் படகாலோ வின்சாலோ கடலுக்குள் இழுத்துச் சென்று பதிக்கும் முறை இது. எண்ணெய், எரிவாயுக் குழாய்கள் கரையேறும் இடங்களிலும், கழிவுநீரை வெளியேற்றும் குழாய்களுக்கும், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளின் உறிஞ்சுகுழாய்களுக்கும் கையாளப்படுகிறது. குழாய் பதிக்கும் பெரிய பார்ஜுகள் கரையருகே வந்தால் தரைதட்டிவிடும். இம்முறையின் தேவை அங்கேதான் தொடங்குகிறது.

வேலை முழுவதும் தண்ணீருக்குள் குழாய்க்கு இருக்கும் எடையைச் சார்ந்தது. 610 மி.மீ. விட்டமும் 12.7 மி.மீ. தடிமனும் கொண்ட எஃகுக் குழாய் மீட்டருக்குச் சுமார் 187 கிலோ. அது விலக்கும் கடல்நீரோ ஏறக்குறைய 300 கிலோ. எனவே காலிக் குழாய் மிதக்கும். அதன்மேல் 50 மி.மீ. கனத்துக்கு அடர்த்தி மிகுந்த கான்கிரீட் பூசினால் மூழ்கும். நீருக்குள் எடை மீட்டருக்கு 95 கிலோ அளவுக்கு வரும். ஒரு கிலோமீட்டருக்கு 95 டன் என்றால், கடல்தரையின் உராய்வை மீறி இழுப்பது எளிதல்ல. ஆகவே மிதவைத் தொட்டிகளைக் கட்டி எடையைக் குறைக்கிறார்கள். மிகவும் குறைத்தாலோ நீரோட்டம் குழாயைப் பக்கவாட்டில் தள்ளிவிடும்.

தரையோடு இழுத்தல் இதில் மிக எளிய வகை: கடலில் நங்கூரமிட்ட பார்ஜின் வின்ச் இழுக்க, கரையில் ஒவ்வொரு துண்டாக வெல்டிங் செய்து சேர்க்கிறார்கள். அலைக்கு அஞ்ச வேண்டாம். ஆனால் பாறையில் உரசிப் பூச்சு கெடலாம். நீர்ப்பரப்பில் மிதக்கவிட்டு இழுத்தால் உராய்வில்லை, அலையின் ஆட்டத்தில் உலோகம் களைப்புறும். இடைப்பட்ட வழி, மிதக்கும் குழாயில் இடைவெளிவிட்டுச் சங்கிலிகளைத் தொங்கவிடுவது. சங்கிலியின் ஒரு பகுதி தரையில் படியும். தொங்கும் மீதியின் எடையும் மிதப்பும் சமமாகும் உயரத்தில் குழாய் நிற்கும்.

இன்னும் நுட்பமானது கட்டுப்பட்ட ஆழத்தில் இழுத்தல். முன்னும் பின்னும் ஒவ்வொரு இழுவைப் படகு குழாயை விறைப்பாகப் பிடித்திருக்கும். வேகம் கூடினால் பின்சாயும் சங்கிலிகளில் நீர் மோதிக் குழாய் எழும், குறைந்தால் இறங்கும். ஸ்காட்லாந்தின் விக் நகருக்கு அருகே ஒரே உறைக்குள் பல குழாய்களை வைத்து, 7 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளத்தில் கட்டி, வடகடலின் எண்ணெய் வயல்களுக்கு இவ்வாறு இழுத்துச் சென்றிருக்கிறார்கள்.

பாலிஎத்திலீன் குழாய் தண்ணீரைவிட லேசானது. கான்கிரீட் எடைகளைப் பூட்டிய பின்னும், உள்ளே காற்று இருக்கும்வரை மிதக்கும். இடத்துக்குக் கொண்டுவந்து ஒரு முனையில் நீரை நிரப்பி, மறுமுனையில் காற்றை அளவாக விடும்போது, மிதக்கும் பகுதிக்கும் படிந்த பகுதிக்கும் நடுவே குழாய் எஸ் வடிவில் வளையும். காற்று சட்டென வெளியேறினால் அந்த வளைவு இறுகிக் குழாய் மடங்கிவிடும். மூழ்கடிப்பதில் பெரிய ஆபத்து இதுவே.

1944இல் நேச நாடுகள் ஆங்கிலக் கால்வாயில் எரிபொருள் கொண்டுசெல்ல, 3 அங்குல எஃகுக் குழாயை ‘கனண்ட்ரம்’ எனும் மிதக்கும் பேருருளைகளில் சுற்றிப் படகுகளால் இழுத்தன. அது இழுத்தலைவிட, குழாயைச் சுருட்டி ஏற்றிச் சென்று கடலில் அவிழ்த்துப் பதிக்கும் இன்றைய சுருள்கப்பல் முறைக்கே முன்னோடி.

பதித்த குழாயை, நங்கூரமும் இழுவலையும் தொடாதபடி, பள்ளத்தில் புதைப்பது வழக்கம். திறந்த கடலில் நெடுந்தூரப் பாதைக்குப் பதிப்புக் கப்பலே சிக்கனமானது. கரையோரத்துக்கும் குறுகிய தூரத்துக்கும் இழுத்தலே பொருத்தம்.