மியூனிச்சில் போடப்படாத நாற்காலி

எதிராளியை 'ஹிட்லர்' என்று சொல்லிவிட்டால் போச்சு, விவாதம் முடிந்தது. அதற்குமேல் பேச்சுவார்த்தை என்று வாயெடுப்பவர் கோழையாகிவிடுவார். மேற்கத்திய அரசியல் சொல்லாடலில் 'மியூனிச்' என்ற சொல் செய்துவரும் வேலை இதுதான்.

1938 செப்டம்பர் இறுதியில் பிரிட்டன், பிரான்ஸ், இத்தாலி மூன்றும் மியூனிச்சில் உட்கார்ந்து, செக்கோஸ்லோவாகியாவின் சுடேட்டன் பகுதியை ஹிட்லருக்குத் தாரை வார்த்தன. ஆறு மாதம் ஆகவில்லை, ஜெர்மன் படை பிராகுக்குள் நுழைந்தது. 'விட்டுக்கொடுத்தால் பசி அடங்காது' என்பது இதிலிருந்து வடித்தெடுத்த பாடம். பாடம் பொய்யல்ல. ஆனா அதை யார், எப்போது ஒப்பிக்கிறார்கள்?

1956 ஜூலை 26 அன்று எகிப்தின் நாசர் சூயஸ் கால்வாய்க் கம்பெனியை நாட்டுடைமையாக்கினார். அஸ்வான் அணைக்குத் தருவதாகச் சொன்ன பணத்தை அமெரிக்காவும் பிரிட்டனும் அதற்குச் சில நாள் முன்புதான் கைவிரித்திருந்தன. பங்குதாரர்களுக்கு நஷ்டஈடு உண்டு என்றும் நாசர் அறிவித்தார். பிரிட்டிஷ் பிரதமர் ஈடன் கண்ணுக்கோ முசோலினி தெரிந்தார். பிரெஞ்சுப் பிரதமர் மொலே ஹிட்லரைக் கண்டார். தொழிற்கட்சித் தலைவர் கெய்ட்ஸ்கெல்கூட நாடாளுமன்றத்தில் அதே ஒப்புமையைச் சொன்னார். பிறகு போரை எதிர்த்தார் என்பது வேறு. அல்ஜீரியப் போராளிகளுக்கு நாசர் உதவுகிறார் என்ற பிரான்சின் எரிச்சலும், கால்வாய் வழி வரும் எண்ணெய் பற்றிய பிரிட்டனின் கவலையும் ஒப்புமைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டன.

சரி, ஒப்புமையை அவர்கள் பக்கமே திருப்பிப் பார்ப்போம். மியூனிச் மேசையில் செக் நாட்டுக்கு நாற்காலி போடப்படவில்லை. அவர்களது பிரதிநிதிகளை வெளியே காக்கவைத்து, முடிவை மட்டும் கையில் கொடுத்தார்கள். 1956 அக்டோபரில் பாரீசுக்குப் பக்கத்திலுள்ள செவ்ரில் பிரிட்டன், பிரான்ஸ், இஸ்ரேல் மூன்றும் இரகசியமாகக் கூடின. இஸ்ரேல் தாக்கும், மற்ற இருவரும் சண்டையை விலக்க வருவதுபோல் வந்து இறங்குவார்கள் என்று ஒப்பந்தம். பேச்சு எகிப்தின் மண்ணைப் பற்றி. எகிப்து அங்கே இல்லை. மியூனிச் மறுபடி நடந்தது என்றால் அது கெய்ரோவில் அல்ல, செவ்ரில்தான்.

இதுவும் ஓர் ஒப்புமைதானே என்று கேட்கலாம். ஆமாம், இதுவும் முழுசாகப் பொருந்தாது: செக் நாடு மிரட்டிப் பணியவைக்கப்பட்டது, எகிப்தின்மீது குண்டு விழுந்தது. ஒப்புமையே கூடாது என்பதல்ல நம் வாதம். எது பொருந்துகிறது, எது பொருந்தவில்லை என்று இரண்டையும் சொல்கிற ஒப்புமைதான் யோசிக்க வைக்கும். 1965 ஜூலையில் வியட்நாமுக்கு மேலும் படை அனுப்பிய ஜான்சன் மியூனிச்சை நினைவூட்டினார். 1990 இல் புஷ் சதாமை ஹிட்லர் என்றார். 1980களில் அதே சதாமுக்கு அமெரிக்கா கொடுத்த ஆதரவு அந்த உவமையில் காணாமல் போனது.

நம் துண்டறிக்கைகளிலும் ஹிட்லர் மலிந்துதான் கிடக்கிறார். பெயரைச் சூட்டியதும் வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறோம். இன்ன சட்டம் யாருக்காக வந்தது, யார் முதுகில் விழுகிறது என்று சொல்லும் வேலை அப்படியே கிடக்கிறது. அடுத்த முறை யாராவது, நாமேகூட, வரலாற்றைச் சாட்சிக்குக் கூப்பிடும்போது ஒன்றைக் கேட்போம்: அந்த மேசையில் யாருக்கு நாற்காலி போடவில்லை?