வை. மு. கோதைநாயகி அம்மாள்

வை. மு. கோதைநாயகி அம்மாள் (டிசம்பர் 1, 1901 - பெப்ரவரி 20, 1960) தமிழ்ப் புதின எழுத்தாளரும், இதழாசிரியரும், கருநாடக இசைப் பாடகரும், இந்திய விடுதலைப் போராட்ட வீரரும் ஆவார். 115 புதினங்களை எழுதியவர். "ஜகன்மோகினி" இதழை ஏறத்தாழ 35 ஆண்டுகள் நடத்தினார். பள்ளிக்குச் செல்லாத இவர், முதல் நூலைத் தாம் சொல்லச் சொல்லத் தோழி ஒருவர் எழுதக் கொண்டு வந்தார். தமிழில் துப்பறியும் கதை எழுதிய முதல் பெண் எனவும் கருதப்படுகிறார். வாசகர்கள் இவரைச் சுருக்கமாக "வை.மு.கோ." என்று அழைத்தனர்.

(குறிப்பு: இக்கட்டுரையில் பட்டம்மாள் என்னும் பெயருடைய மூவர் இடம்பெறுகின்றனர். முதலாமவர் கோதைநாயகியின் தாய். இரண்டாமவர் திருவல்லிக்கேணித் தோழி. மூன்றாமவர் காஞ்சிபுரத்தைச் சேர்ந்த இசைக்கலைஞர் டி. கே. பட்டம்மாள்.)

பிறப்பும் இளமையும்

கோதைநாயகியின் பெற்றோர் நீர்வளூர் வெங்கடாச்சாரியார், பட்டம்மாள் ஆகியோர். நீர்வளூர் இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள சிற்றூர். கோதைநாயகிக்கு ஒரு வயது இருக்கும்போதே தாய் இறந்தார். பாட்டியும் சிறிய தந்தையார் குடும்பத்தினரும் அவரை வளர்த்தனர். வைணவக் குடும்பமாதலால் பாசுரங்களைக் கேட்டும் பாடியும் வளர்ந்தார். சிறிய தந்தையாரிடம் திருவாய்மொழி முதலானவற்றைக் கற்றார். இசையிலும் கதை சொல்வதிலும் சிறுவயதிலேயே நாட்டம் இருந்தது. எனினும் முறையான பள்ளிக்கல்வி அவருக்குக் கிடைக்கவில்லை.

1907 ஆம் ஆண்டில், ஐந்தரை வயதில், ஒன்பது வயதுச் சிறுவரான வை. மு. பார்த்தசாரதிக்கு மணம் செய்துவைக்கப்பட்டார். வை. மு. என்னும் தலைப்பெழுத்துகள் கணவர் குடும்பத்தின் "வைத்தமாநிதி முடும்பை" என்ற பெயரைக் குறிப்பன. புகுந்த வீடு சென்னை திருவல்லிக்கேணியில் இருந்தது. கோதைநாயகி வாழ்நாளின் பெரும்பகுதியை அங்கேயே கழித்தார்.

தோழி பட்டம்மாளும் முதல் நூலும்

புகுந்த வீட்டில் கோதைநாயகிக்குக் கட்டுப்பாடுகள் கடுமையாக இருக்கவில்லை. கணவர் அவரை நாடகங்களுக்கு அழைத்துச் சென்றார். வீட்டுக் குழந்தைகளுக்கும் அண்டை வீட்டாருக்கும் அவர் சொன்ன கதைகளைக் கேட்கப் பலர் கூடினர். நாடகங்களைப் பார்த்துத் தாமும் ஒரு நாடகம் எழுத விரும்பினார். கதையும் பாட்டும் உரையாடலும் அவர் மனத்தில் உருவாகியிருந்தன. ஆனால் அவற்றைத் தாளில் எழுதும் பயிற்சி இல்லை.

இந்நிலையில் தோழி பட்டம்மாள் உதவிக்கு வந்தார். கோதைநாயகி சொல்லச் சொல்லப் பட்டம்மாள் எழுதினார். இவ்வாறு உருவான "இந்திர மோகனா" என்னும் நாடகம் 1924 இல் அச்சாகி வெளிவந்தது. தோழியிடமிருந்தே கோதைநாயகி எழுதவும் கற்றுக்கொண்டார். பெண்கள் படிப்பதே குறையாகப் பேசப்பட்ட காலத்தில், படித்த பெண்ணொருவர் தம் கல்வியைப் படிக்காத தோழியுடன் பகிர்ந்துகொண்டதன் விளைவே இந்நூல் எனலாம். பின்னாளில் பிறர் திறமையை முன்னிறுத்துவதில் கோதைநாயகி காட்டிய ஆர்வத்தை இந்த நட்போடு சேர்த்தே நோக்க வேண்டும்.

ஜகன்மோகினி

அடுத்து எழுதிய "வைதேகி" இவரது முதல் புதினம். அன்று புகழ்பெற்ற துப்பறியும் கதை எழுத்தாளரான வடுவூர் துரைசாமி ஐயங்கார் தமது "மனோரஞ்சனி" இதழில் அதனை வெளியிட்டு ஊக்கமளித்தார். 1925 இல், அப்போது நலிந்திருந்த "ஜகன்மோகினி" என்னும் இதழைக் கோதைநாயகி வாங்கித் தாமே ஆசிரியராகவும் வெளியீட்டாளராகவும் நடத்தத் தொடங்கினார். பின்னர் சொந்த அச்சகமும் அமைத்தார்.

வைதிகக் குடும்பத்துப் பெண் இதழ் நடத்துவதை ஊரார் பலர் விரும்பவில்லை. ஏச்சுகளையும் ஏளனத்தையும் இவர் எதிர்கொள்ள வேண்டியிருந்தது. எதிர்ப்புகள் நீடித்தபோதும் இதழ் நிலைபெற்றது. வீட்டுக்குள் இருந்த பெண்களே அதன் பெருவாரியான வாசகர்கள். படிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்க மற்றவர் சுற்றியிருந்து கேட்பது அக்காலத்து வழக்கம். எழுதப் படிக்கத் தெரியாத நிலையிலிருந்து வந்த ஆசிரியருக்கு இத்தகைய வாசகரின் தேவை நன்கு தெரிந்திருந்தது.

இசைப் பணி

கோதைநாயகி நல்ல குரல்வளம் உடையவர். கருநாடக இசைக் கச்சேரிகள் செய்ததுடன் பொதுக்கூட்டங்களிலும் பாடினார். காங்கிரசுக் கூட்டங்களில் இவர் பேச்சாளராகவும் பாடகராகவும் ஒருங்கே விளங்கினார். பாட்டுக்காக வந்த பெண்கள் அரசியலையும் கேட்டுச் சென்றனர். இவரது புதினங்கள் சிலவற்றின் தலைப்புகளிலேயே ("மதுர கீதம்", "கானகலா") இசை ஆர்வம் புலப்படும்.

காஞ்சிபுரத்தில் 1919 இல் பிறந்த டி. கே. பட்டம்மாளைப் பொதுமேடைக்கு அறிமுகப்படுத்தியதில் வை.மு.கோ.வுக்கும் பங்கு உண்டு என்று கூறப்படுகிறது. காஞ்சிபுரத்தில் அப்போது நாயனா பிள்ளை (1889 - 1934) நடத்திவந்த தியாகராசர் விழா பெயர்பெற்றது. சிறுமி பட்டம்மாள் அங்கு இசை கேட்டே பெரிதும் கற்றார். ஆயினும் பிராமணக் குடும்பத்துப் பெண்கள் சபையில் அமர்ந்து கச்சேரி செய்வது அன்று ஏற்கப்படவில்லை. பட்டம்மாளின் தாயார் நன்கு பாடக்கூடியவராக இருந்தும் வெளியில் பாடியதில்லை. மேடையேறினால் மகளின் திருமணம் தடைப்படுமோ என்ற கவலையும் அக்குடும்பத்துக்கு இருந்தது. பள்ளித் தலைமையாசிரியை போன்றோர் வற்புறுத்திய பின்னரே தந்தை இணங்கினார். அத்தகைய சூழலில், ஏற்கெனவே மேடையில் பாடியும் பேசியும் வந்த மூத்த பெண் ஒருவரின் துணை பெரிதும் பயன்பட்டது. நாட்டுப்பற்றுப் பாடல்களைக் கூட்டங்களில் பாடும் வழக்கத்தில் இருவரும் ஒன்றுபட்டனர்.

விடுதலைப் போராட்டம்

1925 இல் காந்தி சென்னைக்கு வந்து எஸ். சீனிவாச ஐயங்கார் இல்லத்தில் தங்கியபோது கோதைநாயகி அவரைச் சந்தித்தார். அதன்பின் பட்டாடைகளையும் ஆடம்பர நகைகளையும் விட்டுக் கதராடை அணியத் தொடங்கினார். காஞ்சிபுரம் வட்டாரத்துக் குடும்பங்களில் திருமணம் முதல் கோயில் விழா வரை பட்டுச் சேலையே மங்கலத்தின் அடையாளம். சுமங்கலியான ஒரு பெண் அதனைத் துறந்து முரட்டுக் கதரில் வெளிவருவது, உறவினர்களின் கேள்விகளுக்கு நாள்தோறும் விடைசொல்ல வேண்டிய செயலாக இருந்தது.

சீனிவாச ஐயங்காரின் மகள் அம்புஜம்மாள், ருக்மிணி லட்சுமிபதி ஆகியோருடன் இணைந்து பணியாற்றினார். 1930களின் தொடக்கத்தில் கள்ளுக்கடை மறியல், அந்நியத் துணி மறுப்பு ஆகியவற்றில் ஈடுபட்டுச் சிறை சென்றார். வேலூர்ச் சிறையில் இருந்தபோது "உத்தமசீலன்" என்னும் புதினத்தை எழுதினார். சிறைத்தோழியரின் வாழ்க்கைக் கதைகளைக் கேட்டறிந்ததும் அவரது எழுத்துக்கு உரமாயிற்று. அவர் சிறையில் இருந்த காலத்தில் இதழ் தடைப்படாமல் கணவர் பார்த்தசாரதி கவனித்துக்கொண்டார்.

புதினங்களின் இயல்பு

தொடக்ககாலப் புதினங்களில் துப்பறிதலும் திடீர்த் திருப்பங்களும் மிகுதி. பின்னர் குழந்தை மணம், கைம்பெண் மறுமணம், வரதட்சிணை, மதுவிலக்கு, தீண்டாமை ஒழிப்பு, பெண்கல்வி ஆகியவை கதைப்பொருளாயின. நல்லவரும் தீயவரும் தெளிவாகப் பிரிந்து நிற்பர். தீயவர் பெரும்பாலும் தண்டனையால் அன்றி அன்பால் திருந்துவர். ஆதரவற்ற ஒருவருக்கு உறவல்லாத மற்றொருவர் துணைநிற்பது பல கதைகளில் காணப்படும் அமைப்பு. தாயின்றி வளர்ந்த ஆசிரியர் தாயற்ற குழந்தைகளைப் பற்றிப் பரிவுடன் எழுதினார். "அனாதைப் பெண்", "தயாநிதி" ஆகியவை இவ்வகையில் குறிப்பிடத்தக்கன.

நடையில் வடசொற்கள் கலந்திருப்பதும், நீண்ட அறிவுரைகள் கதையோட்டத்தைத் தடுப்பதும், தற்செயல் நிகழ்ச்சிகள் மிகுந்திருப்பதும் குறைகளாகச் சுட்டப்படுகின்றன. எனவே இலக்கிய வரலாறுகள் சில இவரை வெகுசன எழுத்தாளர் என்ற ஒரு வரியுடன் கடந்துவிட்டன. பிற்காலத்தில் பெண்ணிய நோக்குடைய ஆய்வாளர்கள், பெண் வாசகர் கூட்டமொன்றை உருவாக்கியவர் என்ற வகையில் இவரை மறுமதிப்பீடு செய்தனர்.

சமூகப் பணிகள்

அண்டை அயலில் ஏழைப் பெண்களின் பேறுகாலத்தில் நேரில் சென்று உதவுவதை இவர் வழக்கமாகக் கொண்டிருந்தார். 1948 இல் காந்தி மறைந்தபின் திருவல்லிக்கேணியில் "மகாத்மாஜி சேவா சங்கம்" என்னும் அமைப்பைத் தொடங்கிப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உதவி வந்தார். விடுதலைப் போராட்ட வீரர் என்ற முறையில் அரசு வழங்கிய பத்து ஏக்கர் நிலத்தை வினோபா பாவேயின் பூமிதான இயக்கத்துக்குக் கொடுத்துவிட்டார். திரைப்படத் தணிக்கைக் குழுவிலும் உறுப்பினராக இருந்தார்.

திரைப்படங்களான புதினங்கள்

ராஜமோகன் (1937)
அனாதைப் பெண் (1938)
சித்தி (1966) - "தயாநிதி" புதினத்தைத் தழுவியது. கே. எஸ். கோபாலகிருஷ்ணன் இயக்கத்தில் பத்மினி நடித்தார். ஆசிரியர் மறைந்து ஆறு ஆண்டுகளுக்குப் பின் வெளிவந்தது.

இறுதிக் காலம்

ஒரே மகன் சீனிவாசன் 1956 இல் இறந்தார். இத்துயரிலிருந்து கோதைநாயகி மீளவில்லை. உடல்நலம் குன்றிக் காசநோய்க்கு ஆளானார். தாம்பரம் காசநோய் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுவந்த நிலையில் 1960 பெப்ரவரி 20 அன்று காலமானார்.

எழுதிய நூல்களிற் சில

இந்திர மோகனா (நாடகம்)
வைதேகி
சண்பகவிஜயம்
கௌரிமுகுந்தன்
சாருலோசனா
ராஜமோகன்
அனாதைப் பெண்
உத்தமசீலன்
சோதனையின் கொடுமை
தயாநிதி
காலச்சக்கரம்
கிருபா மந்திர்
மதுர கீதம்
கானகலா
அன்பின் சிகரம்