‘ஜென்டில்’னு போட்டிருந்தா போதுமா? சென்சிட்டிவ் சருமத்துக்கு ஃபேஸ்வாஷ் ஒத்துக்குமான்னு கண்டுபிடிப்பது எப்படி?

முகம் கழுவித் துடைத்த ஐந்தாவது நிமிடத்தில் கன்னம் இழுத்துப் பிடிக்கிறதா? மூக்கோரம் லேசாக எரிகிறதா? “அழுக்கு நல்லா போயிருக்கு, அதான்” என்று பலரும் இதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் இது தோல் சொல்லும் புகார். அழுக்கோடு சேர்த்து, தோலின் மேலடுக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும் கொழுப்பையும் அந்த ஃபேஸ்வாஷ் கழுவி எடுத்துவிட்டது என்று அர்த்தம்.

குழப்பம் என்னன்னா, அந்த ட்யூபின் முன்பக்கத்திலும் ‘ஜென்டில்’, ‘மைல்டு’, ‘ஃபார் சென்சிட்டிவ் ஸ்கின்’ என்றுதான் எழுதியிருக்கும்.

முன்பக்க வார்த்தைக்கு என்ன மதிப்பு?

பெரிசா ஒண்ணும் இல்லை. ‘ஹைப்போஅலர்ஜெனிக்’ என்ற சொல்லின் கதையே இதற்கு நல்ல உதாரணம். ஆட்களிடம் சோதித்து, மற்றவற்றைவிட ஒவ்வாமை குறைவு என்று நிரூபித்தால்தான் இந்தச் சொல்லைப் போடலாம் என்று அமெரிக்காவின் எஃப்டிஏ 1975-ல் விதி கொண்டுவந்தது. கிளினிக், அல்மே ஆகிய இரண்டு அழகுசாதன நிறுவனங்கள் நீதிமன்றம் போயின. 1977-ல் அந்த விதி செல்லாது என்று தீர்ப்பு வந்தது. அதன்பின் அங்கே அந்தச் சொல்லுக்குச் சட்டப்படி வரையறை கிடையாது.

‘அன்சென்டட்’ இன்னொரு கண்ணி. வாசனை தெரியாது, அவ்வளவுதான். மூலப்பொருட்களின் வாடையை மறைக்க உள்ளே வாசனைப் பொருள் சேர்த்திருக்கலாம். தேட வேண்டியது ‘ஃப்ராகரன்ஸ் ஃப்ரீ’ என்பதை.

பின்பக்கத்தில் எதைப் பார்க்கணும்?

இந்தியாவின் அழகுசாதனப் பொருட்கள் விதிகள், 2020-இன்படி மூலப்பொருட்களின் பட்டியல் லேபிளில் இருக்க வேண்டும். 1 சதவீதத்துக்கு மேல் இருப்பவை அளவில் பெரியதிலிருந்து சிறியதாக இறங்கு வரிசையில் வரும். அதற்குக் குறைந்தவை கடைசியில் எந்த வரிசையிலும் வரலாம். அதனால் தண்ணீருக்கு அடுத்த நாலைந்து பெயர்கள்தான் அந்த ஃபேஸ்வாஷின் குணத்தைப் பெரும்பாலும் சொல்லும்.

‘சோடியம் பாமேட்’, ‘சோடியம் பாம் கெர்னலேட்’ என்று இருந்தால் அது சோப்பு. சோப்பின் பிஹெச் அளவு 9 முதல் 10 வரை போகும். நம் தோல் 5-க்கு அருகில், லேசான அமிலத்தன்மையோடு இருப்பது. சென்சிட்டிவ் முகத்துக்கு இந்த இடைவெளியே போதும், வறட்சி வர. போர் தண்ணி உப்பாக இருக்கும் வீடுகளில் இன்னும் மோசம். உப்புத் தண்ணியில் சோப்பு திரிந்து, படிவாகத் தோலிலேயே தங்கும்.

‘சோடியம் லாரில் சல்ஃபேட்’, அதாவது எஸ்எல்எஸ், நன்றாக நுரை தரும், எரிச்சலும் தரக்கூடியது. ‘சோடியம் கோகோயில் ஐசெதியோனேட்’, ‘டெசில் குளுக்கோசைடு’ போன்றவை பொதுவாக மென்மையானவை. ஆனால் ஒற்றைப் பெயரைப் பார்த்துத் தீர்ப்பு எழுதிவிட முடியாது. 1947-ல் அமெரிக்காவின் டெக்சஸில் பிறந்த செட்டாஃபில் கிளென்சரைத் தோல் மருத்துவர்கள் பல பத்தாண்டுகள் சென்சிட்டிவ் சருமத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். அதன் பழைய ஃபார்முலாவில் எஸ்எல்எஸ் இருந்தது! அளவு குறைவு, கூடவே செட்டில் ஆல்கஹால், ஸ்டீரில் ஆல்கஹால், அதனால் பலருக்குப் பிரச்சினை வரவில்லை. (இந்த இரண்டும் பெயரில்தான் ஆல்கஹால். மெழுகு போன்ற கொழுப்புப் பொருட்கள், தோலை வறட்டாது. பயப்பட வேண்டியதில்லை.)

இதற்கு மறுபக்கமும் உண்டு. ‘சல்ஃபேட் ஃப்ரீ’ என்று வரும் பல ஃபேஸ்வாஷ்களில் நுரைக்காகச் சேர்க்கப்படுவது ‘கோகாமிடோபுரொப்பில் பீட்டைன்’. மென்மையானதுதான். ஆனால் அமெரிக்கத் தொடுஒவ்வாமைத் தோல் மருத்துவர்கள் சங்கம் 2004-ல் ‘ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்’ என்று அறிவித்ததும் இதைத்தான். 2013-ல் அதே பட்டம் ‘மெத்தில்ஐசோதையசோலினோன்’ என்ற கெடாமல் காக்கும் பொருளுக்குப் போனது. ஏற்கெனவே அலர்ஜி வந்தவர்கள் இந்த இரண்டு பெயரையும் ஃப்ராகரன்ஸையும் பட்டியலில் தேடுவது நல்லது.

‘இயற்கை’ என்பதாலும் நிம்மதி அடைய முடியாது. லாவெண்டர், டீ ட்ரீ எண்ணெய்கள் அலர்ஜி தரக்கூடியவை. எலுமிச்சைச் சாற்றின் பிஹெச் 2-க்குப் பக்கத்தில்.

கையில் ஒரு வாரம், அப்புறம் முகம்

லேபிள் பாதி வேலைதான். மீதியைத் தோல்தான் சொல்லணும். அமெரிக்கத் தோல் மருத்துவ அகாடமி சொல்லும் வீட்டு முறை எளிது. முழங்கை மடிப்பில் ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில், தினம் இரண்டு வேளை, 7 முதல் 10 நாள் தடவிப் பார்ப்பது. ஃபேஸ்வாஷ் கழுவிவிடும் பொருள் என்பதால் 5 நிமிடம் வைத்துக் கழுவினால் போதும். ராத்திரி முழுக்க விட்டால் நல்ல பொருளும் எரிச்சல் தரும், அது சோதனையே ஆகாது.

ஏன் இத்தனை நாள்? எரிச்சல் உடனே தெரியலாம். அலர்ஜி அப்படியில்லை. பல சமயம் ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் அரிப்பும் தடிப்பும் வரும். “நேத்து போட்டேன், ஒண்ணும் ஆகலை” என்பது அதனால்தான் கணக்கில் சேராது. முகத்தில் தொடங்கும்போதும் கூடவே புது சீரம், புது சன்ஸ்கிரீன் சேர்க்கக் கூடாது. பிரச்சினை வந்தால் யார் குற்றவாளி என்றே தெரியாமல் போகும்.

“முதல்ல கொஞ்சம் பரு வரும், அப்புறம் சரியாகிடும்” என்று கடையில் சொல்வார்கள். ரெட்டினாய்டு மாதிரி மருந்துகளுக்கு அந்தப் பேச்சு பொருந்தும். வெறும் மென்மையான கிளென்சருக்குப் பொருந்தாது. எரிந்தால் நிறுத்த வேண்டியதுதான்.

மெடிக்கல் ஷாப் கிரீம் வேண்டாம்

ஆபத்து உண்மையில் தொடங்குவது இங்கேதான். முகம் சிவந்ததும் மெடிக்கலில் கேட்டு வாங்கும் ‘அலர்ஜி கிரீம்’ பல நேரம் ஸ்டீராய்டு. பீட்டாமெத்தசோன், மோமெட்டசோன், குளோபெட்டசால் என்ற பெயர்கள் ட்யூபில் இருந்தால் அதுதான். போட்ட இரண்டாம் நாளே முகம் பளிச்சென்று ஆகும். தொடர்ந்து போட்டால் தோல் மெலியும், ரத்த நாளங்கள் வெளியே தெரியும், நிறுத்தியதும் பழையதைவிட மோசமாகச் சிவக்கும். இப்படிக் கெட்டுப்போன முகங்களோடு வருபவர்களை இந்தியத் தோல் மருத்துவர்கள் தினமும் பார்க்கிறார்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் இவற்றை வாங்கிப் போடக் கூடாது.

ஃபேஸ்வாஷை நிறுத்திவிட்டு, சில நாள் வெறும் தண்ணீரும் வாசனையில்லாத மாய்ஸ்ச்சரைசரும் மட்டும் போட்டுப் பார்க்கலாம். ஒரு வாரத்தில் அடங்காவிட்டால் தோல் மருத்துவரிடம் போகலாம். கண்ணிமை வீங்கினாலோ, நீர் கோத்தாலோ அதுவரை காத்திருக்க வேண்டாம். முதுகில் ஒட்டி 48 மணி நேரம் வைத்துப் பார்க்கும் பேட்ச் டெஸ்டில் எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க முடியும். போகும்போது ட்யூபோடு அட்டைப் பெட்டியையும் எடுத்துப் போகணும். பல கம்பெனிகள் முழுப் பட்டியலைப் பெட்டியில்தான் அச்சிடுகின்றன.