யமுனை நுரையும் ஒரு நீலச் சாயமும்

தில்லிக்கு வந்து பல வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் ஐப்பசி மாதம் காளிந்தி குஞ்ச் பாலத்தைக் கடக்கும்போது வண்டி தானாக மெதுவாகிவிடும். கீழே யமுனை முழுக்க வெள்ளை நுரை. போன தடவை மகள் கேட்டாள்: "அப்பா, தண்ணில எவ்வளவு சோப்பு இருக்குன்னு எப்படி அளப்பாங்க?"

நான் படித்தது பி.காம். பதில் தெரியவில்லை. தேடிப் படித்ததில் ஒரு நல்ல கதை கிடைத்தது.

1876-ல் ஜெர்மனியில் ஹைன்ரிஷ் காரோ என்பவர் மெத்திலீன் புளூ என்ற சாயத்தை உருவாக்கினார். துணிக்காக வந்த சாயம். 1891-ல் பால் எர்லிக் அதை மலேரியாவுக்கு மருந்தாகவே கொடுத்துப் பார்த்தார். சோப்புத்தூளை அளக்கும் உத்தியோகம் அதற்கு 1940-களில்தான் கிடைத்தது.

விஷயம் எளிது. சாயத்துக்கு நேர் மின்னூட்டம். சோப்புத்தூளில் அழுக்கெடுக்கும் சரக்குக்கு எதிர் மின்னூட்டம். சாயம் தனியாக இருந்தால் தண்ணீரை விட்டு குளோரோஃபார்முக்குப் போகாது. சோப்புச் சரக்கோடு ஜோடி சேர்ந்தால் போய்விடும். அடியில் தங்கும் குளோரோஃபார்ம் எவ்வளவு நீலமோ, தண்ணீரில் அவ்வளவு சோப்பு. 1955-ல் இங்கிலாந்தில் லாங்வெல், மேனீஸ் இருவரும் இந்த முறையைச் சாக்கடை நீருக்கும் ஆற்று நீருக்கும் ஏற்றபடி சீர்செய்தார்கள்.

அப்போது அதற்கு அவசரத் தேவை இருந்தது. உலகப் போருக்குப் பின் வந்த சோப்புத்தூள்களின் மூலக்கூறுகள் கிளை கிளையாக இருந்தன. பாக்டீரியாவால் அவற்றை எளிதில் சிதைக்க முடியவில்லை. ஐரோப்பா, அமெரிக்க ஆறுகளெல்லாம் நுரைத்தன. ஜெர்மனி 1961-ல் சட்டம் போட்டது. 1964 அக்டோபர் முதல் 80 சதவீதமாவது சிதைந்தாக வேண்டும் என்றது. சதவீதம் சொல்ல அளவு வேண்டுமே? அளந்து கொடுத்தது நம் நீலச் சாயம். 1965-க்குள் அமெரிக்கக் கம்பெனிகளும் கிளையில்லாத, எளிதில் சிதையும் வகைக்கு மாறின. நுரை அடங்கியது.

நம் நாட்டுக் குடிநீர்த் தரத்திலும் இதே கணக்குதான்: லிட்டருக்கு 0.2 மில்லிகிராம், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1 மில்லிகிராம் வரை. குளோரோஃபார்ம் நச்சு என்பதால், அது இல்லாமலே நிறம் மாறிக் காட்டும் உணரிகளையும் ஆய்வாளர்கள் செய்து பார்க்கிறார்கள்.

அப்புறம் ஏன் யமுனை நுரைக்கிறது? சிதையக்கூடிய சோப்பாக இருந்தாலும், சுத்திகரிக்காத சாக்கடை நேராக ஆற்றில் விழுந்தால் சிதைய அவகாசம் ஏது? பாங்க் பாஷையில் சொன்னால், வராக்கடன் எவ்வளவு என்று லெட்ஜரில் ஏறிவிட்டது. வசூல்தான் நடக்கவில்லை.

மகளிடம் அப்படித்தான் சொன்னேன். "அப்ப அளந்து என்னப்பா பிரயோஜனம்?" என்றாள். அளக்காமல் இருந்திருந்தால் ஜெர்மனியில் அந்தச் சட்டமே வந்திருக்காது, கண்ணு.